எடைமேடை

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு முந்தின வளைவில்
என் எடைமேடை.
தேங்காய் லாரி, வைக்கோல் லாரி,
கேரளத்துக்குப் போகும் மாடுகள்,
எல்லாம் வந்து நிற்கும்.
சிவப்பு எண்கள் அசையும், நிலைக்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பதினோரு வருஷமாய் அவ்வளவுதான் வேலை.

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்த அன்று
அஃப்ரா நேரே இங்கே வந்தாள்,
முதுகில் பை, கையில் ஒரு அட்டை.
நான்காம் வகுப்பு. நாற்பத்தொரு கிலோ.
எண்ணைச் சுற்றி நீல மையில் வட்டம்.
"அந்த மெஷின் பொய் சொல்லுது அத்தா.
உங்க மெஷின்ல பாருங்க."

பையை இறக்கி வைத்துவிட்டு
அறுபது டன் தாங்கும் இரும்பின் நடுவில் போய் நின்றாள்,
லாரியிலிருந்து தவறி விழுந்த ஒற்றைத் தேங்காய் போல.
நாற்பது என்றது பெட்டி.
பத்துப் பத்தாய்த்தான் எண்ணும் அது,
மீதி ஒன்றைச் சொல்லத் தெரியாது.
"ஒரு கிலோ குறைஞ்சிருச்சு!" என்று கை தட்டியவள்
இறங்கும்போது குரலைத் தாழ்த்தி,
"நான் ஓவர்லோடா அத்தா?" என்றாள்.

வீட்டுக்கு நான் கொண்டுபோன சொல்தான் அது.

பாரம் கூடினால் லாரியை யாரும் வைவதில்லை.
ஏற்றியது யார் என்றுதான் கேட்பார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வாங்கிப்போன முட்டை பப்ஸ்.
பகலெல்லாம் தூங்கியதற்கு ஈடாய் ஆரஞ்சு சோடா.
சத்தம் போடாமலிருக்க அவள் கையில் என் போன்.
நார்மில்லிலிருந்து அவள் அம்மா வரும்வரை
ஒரு பாக்கெட், அப்புறம் இன்னொன்று.
எதற்கும் சீட்டுக் கிழித்ததில்லை நான்.

இப்போது சாயங்காலம் நடக்கிறோம்,
சாவடி தாண்டி மலையாளப் பலகை வரைக்கும்.
பாலக்காட்டின் முதலெழுத்து
நம்ம 'ப' மாதிரியே வளைஞ்சிருக்கு என்கிறாள்.
அங்கே ஒருவர் நேந்திரங்காய் வறுக்கிறார்.
அந்த வாசம் வரும்போது
இருவரும் வேறு பக்கம் பார்ப்போம்.
சில நாள் முடிவதில்லை.
பத்து ரூபாய்க்கு, ஆளுக்குப் பாதி.

கீரையை இன்னும் தட்டின் ஓரத்தில்
எல்லை கட்டித்தான் வைக்கிறாள்.
திரும்பி வரும்போது ஓடுவது அவள்,
இளைப்பது நான்.

மாசியில் அட்டை மறுபடி வந்தது.
அதே நாற்பத்தொன்று.
உயரம் மட்டும் நான்கு சென்டிமீட்டர் மேலே.
அதைக் காட்டத்தான் வந்திருக்கிறாள் போல,
அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு
மேடையில் ஏறிக் குதிக்கிறாள்.
கால் தரையில் இல்லாத நொடியில்
எதை எழுதுவதென்று தெரியாமல்
பெட்டி தடுமாறுகிறது.

பின்னால் வைக்கோல் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.