காகித வாய்

கிராப்பி என்றான் எழிலன், போனில்.
கிராபிக்ஸ் என்று காதில் விழுந்து
ஓ, நல்லா வரையிறியா என்றேன்.
அப்புறம் வீடியோ வந்தது:
அர்க்கன்சாவில் ஓர் ஏரி, ஒரு மரப்பாலம்,
அதன் முனையில் அவன்.
கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன்,
வெள்ளி உடம்பில் பேனா உதறிய மாதிரி மைப்புள்ளிகள்.
இருபது நொடி.
பதினோரு முறை பார்த்தேன்.

டிசம்பரில் வருகிறார்கள், அவனும் தங்கை மகிழும்.
போன முறை அவன் தமிழ்
‘போதும்’ என்பதைத் தாண்டவில்லை.
என் ஆங்கிலம் அதுவரைகூடப் போகவில்லை.
மூன்று வாரம் ஒரே சோபாவில்
அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களாக இருந்தோம்.

ஆகஸ்டில், அறுபத்துநாலு வயதில்,
பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் தூண்டில் கேட்டேன்.
கடலா, ஏரியா என்றார் கடைக்காரர்.
பேரன் என்றேன்.

சேத்துப்பட்டு ஏரி. முதல் நாள்
நரம்பு என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது.
இரண்டாம் நாள் வேப்பங்கிளையை.
அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.
மூன்றாம் நாள் நடைப்பயிற்சிக்காரர் ஒருவரின் தொப்பி.
அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை,
மறுநாள் தொப்பியில்லாமல் வந்தார்.

பக்கத்தில் உட்காரும் இர்ஃபான், டெலிவரி சட்டையோடு
முதல் ஆர்டர் வரும்வரை மீன் பிடிப்பவன்,
மண்புழுவை விடுங்க அங்கிள் என்றான்,
புரோட்டா மாவு, கொஞ்சம் பூண்டு தட்டிப் போட்டு.
முக்குக் கடை மாஸ்டர் ஓர் உருண்டை கிள்ளித் தந்தார்.
மீனுக்குத்தானே, கணக்கு எதுக்கு?

முப்பத்தொரு வருஷம் நடத்துனர்.
எச்சில் தொட்டு, கட்டைவிரலால் தள்ளி,
சரக்கென்று கிழிக்கிற கை இது.
தக்கை லேசாக அசைந்தால் போதும்,
சரக்.
வெறும் முள் மேலே வரும்.
மாவு இல்லை, மீன் இல்லை,
திரும்ப வராத சில்லறை பாக்கி மாதிரி.

எழிலனிடம் கேட்டேன். மகள் மொழிபெயர்த்தாள்.
அவன் தன் கீழுதட்டை இரு விரலால் இழுத்துக் காட்டினான்:
பேப்பர் மவுத், தாத்தா.
அந்த மீனுக்குக் காகித வாயாம்.
வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடுமாம்.
மெதுவா, என்றான், தமிழில்.
அந்தச் சொல் அவனுக்கு எங்கே கிடைத்ததோ.

இங்கே கிராப்பி ஏது, ஜிலேபிக் கெண்டைதான்.
அதுக்கு ரப்பர் வாய் என்கிறான் இர்ஃபான்.
இருக்கட்டும்.
நான் காகிதத்துக்கே பழகினேன்.
தினசரிக் காலண்டரில் கிழித்த தேதிகளை
முள்ளில் கோத்து, வாளித் தண்ணீருக்குள் விட்டு
கிழியாமல் தூக்கிப் பார்த்தேன்.
செப்டம்பரில் ஒரு தேதி மிஞ்சவில்லை.
ரிட்டயர் ஆயும் ட்யூட்டியா என்றாள் சந்திரா,
குளிக்க வாளி வேணும்.

ஒன்பதாவது வாரம், செவ்வாய், காலை ஏழரை.
தக்கை ஒருமுறை தலையாட்டியது.
சும்மா இருந்தேன்.
இன்னொரு முறை.
அது சாய்ந்து, தண்ணீரில் நடக்கத் தொடங்கியதும்
போலாம் ரைட் என்று மனசுக்குள் சொல்லி
மணிக்கட்டை மட்டும் உயர்த்தினேன்.

சாம்பல் பச்சை. முள் விரித்த முதுகு.
கால் கிலோகூட இருக்காது.
உதட்டில் கொக்கி.
அதை எப்படிக் கழற்றுவது?
இத்தனை நாளில் அதை யாரிடமும் கேட்கவில்லை,
தேவைப்படும் என்று தோன்றியதே இல்லை.
இர்ஃபான் யாருடைய இட்லியோடோ
கீழ்ப்பாக்கம் போயிருந்தான்.

அர்க்கன்சாவில் இரவு ஒன்பது.
பற்பசை நுரையோடு திரையில் எழிலன்.
கையை நனைக்கச் சொல்லி, கழுவுகிற மாதிரி காட்டினான்.
முதுகு முள்ளை முன்னாலிருந்து பின்னால் நீவிப் பிடிக்க
தன் பல்துலக்கியை நீவிக் காட்டினான்.
பிறகு, போன வழியே கொக்கி திரும்ப வேண்டும்.
மெதுவா, தாத்தா.
மெதுவா.

வந்துவிட்டது.
ஒரே துள்ளல்.
மீன் தண்ணீரில், போன் சேற்றில்.

தாத்தா? தாத்தா? என்றது சேறு.
அவன் திரையில் இப்போது வானம் இருந்திருக்கும்,
ஒரு வேப்பங்கிளை,
அதில் என் ஆகஸ்டு நரம்பு.
தடதடவென்று ஏதோ கடந்தது.
அது என்ன என்று அவன் மொழியில் கேட்டான்.
தாம்பரம் வண்டி, என்றேன்,
சட்டையில் போனைத் துடைத்தபடி.
தாம்பரம், என்று சொல்லிப் பார்த்தான்,
கிழியாமல்.