பச்சை

பிஷ்கெக்கில், அமைச்சகத்தின் ஐந்தாம் மாடிச் சுவரில்
எங்கள் ஊர் பச்சை.
பச்சையென்றால் அலைவரிசை வந்துவிட்டதாம்.

சரிபார்க்க வந்தான் தல்கார்பெக்,
நகரத்துச் சப்பாத்தில் பனி புக.
மிரண்ட குதிரைக்குக் கொள்ளு காட்டுவதுபோல்
நாலு திசைக்கும் அலைபேசியை நீட்டினான்.
ஒரு கோடுகூட இல்லை.

இடுகாட்டு மேட்டில்
கம்பத்தில் தொங்குகிறது தகரவாளி.
அதற்குள் வைத்தால் இரண்டு கோடு.
உல்ஜான்தான் கூட்டிப்போனாள்.
வழியில் கணவனின் கல்லறையைக் காட்டி,
"ஊரிலேயே இவருக்குத்தான் நல்ல சிக்னல்" என்றாள்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றினான்.

வாளிக்குள் சுற்றிக்கொண்டேயிருந்தது சிறுவட்டம்.
நாற்பது நிமிடம்.
அறிக்கை போயிற்று.
பச்சை என்றா, வேறா,
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
"நகருங்கள்" என்றாள் உல்ஜான்,
"மாஸ்கோவில் மகனுக்கு
இப்போதுதான் சாப்பாட்டு நேரம்."