இடது தோள்

சுபஹ் தொழுத கையோடு
கிண்ணியாப் பாலம் கடந்து வரும்
ஹிஷாமின் மோட்டார் சைக்கிள்.
உரப்பையில் ஆறு பந்து, ஒரு பம்ப்,
ஐஸ் வாடியில் இரவு வேலை செய்த
மீன் மணம்.

டச்பே மணலில் இரண்டு சவுக்குக் கம்பு ஊன்றி
கிழக்கைப் பார்த்து நிற்பேன்.
சூரியன் கடலை விட்டு எழும்பி
நேரே கண்ணுக்குள் வரவேண்டும்,
அதற்குள்ளிருந்து பந்து வரவேண்டும்.
என் யோசனைதான்.
முதல் வாரம் கண்ணீராய்க் கொட்டியது.
இப்போது வெளிச்சத்தின் நடுவில் ஓர் ஓட்டை தெரிகிறது,
பந்தின் அளவில்.

நாளுக்கு அறுபது உதை.
மணலில் விழுந்து பழகியவனுக்கு
புல் மெத்தை என்பார்கள். பொய்.
இடுப்பில் உரிந்த தோல் காயுமுன்
அதன் மேலேயே மறுபடி விழவேண்டும்.
சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும்
சேர்த்துச் சுற்றிய பிளாஸ்டர்.
ஒரு கோப்பைச் சோறு, அவித்த முட்டை நாலு.
"இந்த வயசில உனக்கென்ன சீனி வருத்தமா?"
அம்மா கேட்கிறா.
பின்னேரம் கோட்டை ஏற்றத்தில் பத்துத் தரம் ஓட்டம்;
மான்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு
பழையபடி பேப்பர் தின்னும்.

மாலைதீவுக் கழகமொன்று ஆள் எடுக்கிறது.
வெளிநாட்டுக்காரனுக்கு மிச்சம் ஓர் இடம்.
காப்பவனா அடிப்பவனா என்பதைக்
கொழும்பில் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.
இருவருக்கும் ஒரே நாளில் கடிதம்.
அன்றைக்கே சொல்லிக்கொண்டோம்,
பிறகு அதைப் பேசவில்லை.
பந்துக்குக் காற்று அடித்தோம்.

நோன்பு தொடங்கியது.
என் தண்ணீர்ப் போத்தலைக்
கம்புக்குப் பின்னால் மணலில் புதைத்து வைத்தேன்.
"குடி மனே, என்னப் பாத்து நீ ஏன் காயிற?"
குடிக்கவில்லை.
நாற்பதாவது உதையில் எனக்குக் கண் இருட்டியது,
அவனுக்கு இல்லை.

பதினேழாம் நாள் கண்டேன்.
என் இடப்பக்கம் அடிக்க நினைத்தால்
ஓடி வரும்போதே
அவனுடைய இடது தோள்
ஒரு நூலளவு இறங்கும்.
அது அவனுக்குத் தெரியாது.

அன்று ஐந்து பந்தை வேண்டுமென்றே விட்டேன்,
நான் கண்டதை அவன் காணக்கூடாது என்று.
பிழையான பக்கம் பாய்வதற்கும்
பயிற்சி வேண்டும், தெரியுமா?
கால் ஒப்புக்கொள்ளாது,
தெரிந்த பக்கமே இழுக்கும்.
அதை மறித்து, திருப்பி, எறிந்து
பொய்யாக விழுந்தால்
வலி மட்டும் உண்மையாக இருக்கிறது.

"இண்டைக்கு நீ சரியில்ல" என்று
பக்கத்தில் வந்து
என் முதுகில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான்.

இரவில் போனுக்குள் ஒரு பயிற்சியாளர்:
கண்ணை மூடுங்கள்.
நாலு எண்ணி மூச்சை உள்ளே,
ஆறு எண்ணி வெளியே.
வெல்வதைக் காட்சியாகப் பாருங்கள்.

பார்த்தேன்.
கொழும்பு. வெட்டிய புல். ஈரம் காயாத சுண்ணாம்புக் கோடு.
ஹிஷாம் பந்தை வைக்கிறான்,
மூன்றடி பின்னால் போகிறான், வருகிறான்,
தோள் இறங்கவில்லை.
திரும்ப முதலிலிருந்து.
தோள் இறங்கவில்லை.
என் தலைக்குள்ளேயே வந்து
திருந்திவிட்டுப் போகிறான்.
யார் சொன்னது அவனுக்கு?

நாளை இரவு பஸ்.
அடுத்தடுத்த இரண்டு இருக்கை, அவன்தான் பதிந்தான்.
ஜன்னல் உனக்கு, எனக்குக் கால் நீட்ட இடம் வேணும் என்றான்.

இன்று கடைசி அறுபது.
ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது.
எத்தனை பிடித்தேன், எத்தனை விட்டேன்,
விட்டதில் எத்தனை விட்டது
என்று எனக்கே கணக்கில்லை.

சூரியன் அவன் தலைக்குப் பின்னால்.
முகம் கறுப்பு. தோள் வெறும் கோடு.
பந்தை வைத்து
மணலைக் காலால் தட்டி இறுக்கினான்.
"மச்சான், ஒண்டு கேட்டா உண்மை சொல்லுவியா?"
"கேள்."

கேட்கவில்லை.
மூன்றடி பின்னால் போய்
ஓடி வரத் தொடங்கினான்.