இரண்டாவது தண்டு

மூன்று தண்டுகளைப் பழைய பேப்பர்மேல் வரிசையாக வைத்துவிட்டு
"எது வேணும், சொல்லுங்க" என்றார் கலீமுல்லா.
அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெரு.
கிரைண்டர் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கேம்ஷாப்ட் என்றால்
ஓர் இரும்புத் தண்டு, அதன்மேல் முட்டை முட்டையாய்ப் புடைப்பு.
வால்வு எப்போது திறக்கலாம், எவ்வளவு,
எதுவரை திறந்தே கிடக்கலாம் என்பதெல்லாம்
அந்த வளைவுக்குத்தான் தெரியும்.
அரை மில்லிமீட்டர் கூட்டினால்
வாசலில் நிற்பது வேறு வண்டி.

மூன்றாவதைத்தான் முதலில் எடுத்தேன்.
இருநூற்று எண்பத்தெட்டு டிகிரி.
எண்ணெய் பட்டு விரல் வழுக்கியது.
"அது அஞ்சாயிரத்துக்கு மேலதான் முழிக்கும்."
"அதுவரைக்கும்?"
"தூங்கும். தூக்கத்துல உதைக்கும்."

இருங்காட்டுக்கோட்டையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
ஒருமுறை கேட்டிருக்கிறேன் அந்த உதையை.
நின்ற இடத்திலேயே தடதடக்கும் ஒரு வெள்ளை எஸ்டீம்.
என்னுடையதும் எஸ்டீம்தான்.
என்னுடையதும் வெள்ளைதான்,
கழுவிய நாட்களில்.

ஆனால் நான் கணக்கு எழுதுகிறவள்.
ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ், மூன்றாம் மாடி.
ஆசைக்கும் வவுச்சர் கேட்டுப் பழகிவிட்டது.
ஒரு வாரம் டைம் வாங்கிக்கொண்டு
பெட்ரோல் பில்லின் முதுகில் எழுதிவந்தேன்:

திங்கள். கொளத்தூர் முதல் பேசின்பிரிட்ஜ் வரை மூன்றாம் கியரே விழவில்லை.
செவ்வாய். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். சுற்றுவழி.
புதன். மேற்படி.
வியாழன். ஒரு கையெழுத்துக்காக ராயபுரம்.
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம்,
ஏசி ஓட, ஊசி எண்ணூற்றைம்பதில்.
வெள்ளி. தண்ணீர் லாரியை முந்த நாலாயிரத்து இருநூறு.
அவ்வளவுதான், பின்னால் ஹாரன்.
சனி எழுதவில்லை.
ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி, கடற்கரைச் சாலை,
ஆறாயிரம். பதினோரு நொடி.
பக்கத்தில் 'சிரித்தேன்' என்று எழுதி
அடித்துவிட்டேன்.

பதினோரு நொடிக்காக ஒரு தண்டு.

உள்ளே நடப்பதைக் கலீமுல்லா
கல்யாணப் பந்தி வைத்துச் சொன்னார்.
சாப்பிட்டவர் எழுந்து போகும் கதவும்
அடுத்த பந்தி நுழையும் கதவும்
கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்.
கூட்டம் வேகமாக நகர்ந்தால்
போகிறவர்கள் வருகிறவர்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.
மெதுவாக நகர்ந்தால்
கைகழுவப் போனவர் திரும்பி இலைக்கே வந்து உட்காருவார்.
மூன்றாவது தண்டில் இரண்டு கதவும் ரொம்ப நேரம் திறந்திருக்கும்.
நீங்க போறது பூரா சிக்னல்.
பிரேக் பெடல்கூடக் கட்டையா இருக்கும், பாத்துக்குங்க.

முதல் தண்டைத் தொடவே இல்லை நான்.
கம்பெனி போட்டதற்கு அது தூரத்துச் சொந்தம்.
இத்தனை அவஸ்தைப்பட்டு அதை மாட்டினால்
யாருக்கும் தெரியாது, எனக்கும்.

இருநூற்று அறுபது. எடுத்துக்கொண்டேன்.
"மூணாவது?"
"வேற யாருக்காவது குடுத்துடுங்க. சீக்கிரமா."

செலவுப் பக்கம்:
ஸ்பீட் பிரேக்கரில் இரண்டாம் கியர் இப்போது ஏறுவதில்லை, முதலுக்கு இறங்க வேண்டும்.
லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போச்சு.
ஐடிலைத் தொள்ளாயிரத்தைம்பதுக்கு ஏற்றியாயிற்று.
வரவுப் பக்கம்:
மூவாயிரத்து நானூறில்
யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்த மாதிரி.
அந்த ஊசி எனக்கு
தினமும் ஒருமுறையாவது கிடைக்கிறது, மூலக்கடைப் பாலத்தில்.

பாரிமுனை சிக்னல்.
சைடு மிரரில் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரம்
லேசாக நடுங்குகிறது.
பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி
நெடுநேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"ஒரு பிளக் அடிக்கல போல மேடம்."
"நாலும் அடிக்குதுண்ணே."
"அப்ப ஏன் இப்டி?"

பச்சை விழுந்தது.
இரண்டாம் கியரில் எழுபது மீட்டர்.
அடுத்த சிவப்பில்
மறுபடி பக்கத்தில் வந்து நின்றார்.