பதினான்காம் முளை

தம்பலகாமக் குடாவில், கிண்ணியாப் பக்கம்,
கடல் ஒரு முழம்கூட வற்றுவதில்லை.
அந்த அரை முழத்துக்கே
அரை மைல் சேறு எழுந்து வந்து
வெயிலுக்கு முதுகு காட்டுகிறது.

அதை அளக்க எங்களை அனுப்பினார்கள்.
நில அளவைக் கந்தோர் ஜீப்,
தலையில் சிவப்பு மை பூசிய இருபது முளை,
ஒரு சங்கிலி, ஒரு படிவம்.
ஏழாம் கட்டம்: தற்போதைய பாவனை.
சேர் கரையில் நின்றபடியே
'இல்லை' என்று எழுதிவிட்டார்.
பிறகுதான் நான் இறங்கினேன்.

முதல் அடிக்குக் கணுக்கால்.
மூன்றாம் அடிக்கு முழங்கால்.
அவித்த முட்டையைப் பிளந்தாற்போல ஒரு மணம்.
சேறு என்று வாய் ஒரே பெயர் சொல்கிறது,
கால் அப்படிச் சொல்லவில்லை.
மேலே தயிர், கீழே களி,
அதற்கும் கீழே கறுத்துக் குளிர்ந்த
ஏதோ ஒன்று, வெயிலையே அறியாதது.

எனக்கு முன்பே அங்கே அளவைக்காரர்கள்.
உப்புக்கொத்தி ஓடி, நின்று, ஓடி
ஒரு விரற்கடை குத்திப் பார்த்தது.
பவளக்காலி மூன்று விரற்கடை.
கோட்டான் தன் வளைந்த மூக்கைக்
கண்வரை இறக்கி
ஒரு சாண் ஆழத்தில்
ஏதோ ஒரு புழுவின் வீட்டிலக்கத்தைத்
தடவிப் படித்தது.
ஒன்றின் பங்கை மற்றது தொடவில்லை.
நல்ல மனதால் அல்ல, மூக்கு எட்டாததால்.
இருபத்திரண்டு வருட வேலையில்
இவ்வளவு வழக்கில்லாத காணிப் பிரிப்பை
நான் கண்டதில்லை.

முளையை அறைந்தேன். சத்தமே வரவில்லை.
நாலடி முளை நாலடியும் போய்
சிவப்பை மட்டும் வெளியே விட்டது.
ஒற்றைக்கை நண்டொன்று வளைக்கு வெளியே வந்து
அந்தப் பெரிய கையைத் தூக்கித் தூக்கி
வா என்றதோ, போ என்றதோ.
கண்ணாக்காய்களும் தலைகீழாய் விழுந்து
தாங்களாகவே நட்டுக்கொண்டிருந்தன.
அவையும் முளைதான்.
அவை நின்றன.

பதினான்காவது மட்டும்
செத்த வேரொன்றில் சிக்கி
இடுப்பளவில் நின்றது.
உடனே ஓர் ஆலா வந்து அமர்ந்தது, எச்சமிட்டது, போனது.
அடுத்து செய்னம்பு வந்தாள்,
மட்டி பொறுக்குபவள்.
பின்னால் நாய்க்குட்டிபோல வந்த அலுமினியப் பேசினின்
இடுப்புக் கயிற்றை அவிழ்த்து
முளையில் கட்டினாள். கேட்கவில்லை.

"அரசாங்க முளை" என்றேன்.
"கொஞ்சம் தள்ளி அறைஞ்சிருக்கலாமே.
இதுக்குக் கீழதான் நல்ல மட்டி கிடக்கு."
கண் வேறெங்கோ இருக்க, பெருவிரலால் தேடினாள்.
டிங், பேசினில் ஒன்று.
"கிரவல் கொட்டப் போறீங்களாம்."
தெரியாது என்றேன்.
தெரியும்.
டிங்.
"எங்களுக்கு நோட்டீஸ் ஒட்டுவீங்க.
அந்த மூக்குநீளத்துக்கு ஆர் சொல்றது?
எங்கேயோ இருந்து பறந்து வருது.
வந்து குத்திப் பார்த்தாத்தானே அதுக்குத் தெரியும்."

தண்ணீர் திரும்பியதை நான் காணவில்லை,
பறவைகள் கண்டன.
பெரிய துணியொன்றை யாரோ உதறியதுபோல எழுந்து
ஒரு தரம் வெள்ளையாகி, ஒரு தரம் மண்ணிறமாகி
தெற்கே போயின.
அவசரத்தில் காலை இழுத்தேன்.
கால் வந்தது, கம்பூட்ஸ் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து முளை பார்க்கப் போனோம்.
ஆறு இருந்தன.
மற்றவை எந்த அடுப்பில் எரிந்தனவோ,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பதினான்காவதின் அடியில் என் இடது கம்பூட்ஸ்,
வாய் மட்டும் வெளியே.
அதற்குள்ளிருந்து உளுவை ஒன்று
இரு செட்டைகளையும் விளிம்பில் ஊன்றி
வாசலில் நிற்கும் வீட்டுக்காரனாய்
என்ன வேண்டும் என்று பார்த்தது.

பண்டகசாலைப் பொறுப்பாளர் வில்வராசா
பேரேட்டைத் திறந்து வைத்துக் கேட்டார்:
ஒரு சோடி கொடுத்தது, ஒன்றுதானே வந்திருக்கு.
இடது என்ன ஆனது?
தொலைவா, பழுதா?

இரண்டும் இல்லை என்றேன்.
எழுதுங்கள்:
பாவனையில் உள்ளது.