வரி பூஜ்யம், நிரல் பூஜ்யம்

ஜனவரி பாதி.
இசாஃபியோர்டூரில் சூரியன் இன்னும்
மலையைத் தாண்டவில்லை.
நண்பகலில் எதிர்க்கரைப் பனியில் மட்டும்
ஒரு கை அகல மஞ்சள்.

காட் மீன், தலை வெட்டி, ஐஸுக்குள்,
லாரியில் ஏறிவிட்டது.
கொல்பெய்ன் எஞ்சினை அணைக்காமல்
இருக்கையில் ரொட்டி தின்கிறான்.
சான்றிதழ் போனால் அவனும் போவான்.

மாடியில் ஸ்டெய்ன்வோர்
படகு அனுப்பிய எக்ஸ்எம்எல்லை
உருமாற்றிக்குள் விடுகிறாள்.
படகின் பேச்சாக உள்ளே போனது
சுங்கத்தின் பேச்சாக வெளியே வருகிறது.
வெளியே என்றால் வெளியே இல்லை.
தாளில் இல்லை, வட்டில் இல்லை,
நினைவகத்தில் ஒரு மரம்.
வேர் உண்டு, கிளை உண்டு,
நிற்க மண்தான் இல்லை.

ஸ்கீமாவிடம் காட்டினாள்.
சரி, என்றது.
இமைப்பதற்குள் சரி.

அந்த வேகம் பிடிக்கவில்லை அவளுக்கு.
எடை என்ற இடத்தில்
'நிறைய' என்று எழுதிக் காட்டினாள்.
சரி, என்றது.
படகின் பெயரை அழித்துவிட்டுக் காட்டினாள்.
அதற்கும் சரி.

பிறகுதான் பார்த்தாள்:
உருமாறிய எதற்கும் பெயர்வெளி இல்லை.
வாசலில் நிற்பவனிடம் ஒரு பட்டியல்,
பட்டியலில் இருப்பவர்களை மட்டும் சோதிப்பான்.
இவர்களில் ஒருவரும் அதில் இல்லை.
தெரியாதவர்கள் எல்லோரும்
தடையின்றி உள்ளே போனார்கள்.
எச்சரிக்கை வந்திருக்கிறது, உண்மை.
தொல்லை என்று
எச்சரிக்கைகளின் வாயை அடைத்ததும் அவளே.

எழுதியதை எல்லாம் பழையபடி ஆக்கி,
பெயர்வெளியைச் சேர்த்து
மறுபடி காட்டினாள்.

பிழை, என்றது.
வரி பூஜ்யம். நிரல் பூஜ்யம்.

கப்பா, என்று சிரித்தாள்.
சுங்கத்தில் எல்லாவற்றுக்கும் வரி உண்டு,
எழுதப்படாததற்கு ஏது வரி?
எங்கே விரல் வைப்பது?

அவள் நாட்டில் குடும்பப் பெயர் அபூர்வம்.
யாருடைய மகள் என்பதுதான் பெயர்.
அதனால் பிழைபட்ட முனையிடமே கேட்டாள்:
நீ யாருடைய மகள்?
பெட்டியின் மகள்.
பெட்டி?
சரக்கின் மகள்.
சரக்கு?
சான்றிதழின் மகள். அதற்கு மேல் யாரும் இல்லை.
ஏறி வந்த வழியே இறங்கிப் போனாள்.
எட்டாவது பெட்டி. எடை.
0,4

ஒரு கமா.
அவள் நாட்டில் தசமத்துக்கு அதுதான் வழக்கம்,
ஸ்கீமாவுக்குப் புள்ளி வேண்டும்.
ஏழு பெட்டியும் முழு எண்ணாக இருந்ததால்
இதுவரை யாரும் திக்கவில்லை.

மாற்றினாள்.
சரி, என்றது. இந்த முறை கொஞ்சம் யோசித்து.

கீழே லாரி நகர்ந்தது.
கொல்பெய்ன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் எழவில்லை.
உருமாற்றி வந்து மூன்று வாரம்.
மூன்று வாரமாக எல்லாவற்றுக்கும்
சரி சொல்லி அனுப்பியதும் இதே ஸ்கீமா.
அந்தப் பழைய மரங்களை எடுத்துப் பார்க்கலாம் என்று
கை போனது, நின்றது.

அவை நினைவகத்தில் இருந்தன.
அதாவது, இல்லை.