தலைப்பு

வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடத்துக்கு
மூணாறு தலைப்பு என்று பேர்.
அங்கே மதகடியில் உட்கார்ந்து
ஒரு கவிதைக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன்,
பதினோரு நாளாக.

ஸ்பானிஷ் கவிதை. சரக்குக் கப்பலில் எனக்கு
அந்த மொழியைக் கெட்ட வார்த்தையில் தொடங்கிக்
கற்றுத்தந்த ஹோண்டுராஸ்காரன் எவெலியோ
இறங்கும்போது கொடுத்துவிட்டுப் போன புத்தகம்.
எழுதியவள் ஊரைவிட்டு ஓடி
அடுத்தவர் நாட்டில் முப்பது வருஷம்
தட்டுக் கழுவியிருக்கிறாள்.
சாவி கையில் இருக்கிறது,
கதவு எரிந்துவிட்டது என்கிறாள் ஓரிடத்தில்.
அதெல்லாம் தமிழில் சுலபமாக வந்துவிட்டது.

வராதது தலைப்பு: தெஸ்தியெர்ரோ.
அகராதி நாடுகடத்தல் என்கிறது.
நமக்குக் கடத்தல் என்றால்
மணல், தங்கம், ராமேஸ்வரத்துப் பீடி இலை.
அவள் சொல்லில் நாடே இல்லை.
தியெர்ரா என்றால் மண்.
காலடியிலிருந்து மண்ணை எடுத்துவிடுவது.

மண் அகற்றல் என்று எழுதி நிமிர்ந்தால்
எதிர்க்கரையில் நீர்வளத்துறைப் பலகை:
மண் அகற்றும் பணி, நீளம் 2.4 கி.மீ.,
மதிப்பீடு பதினெட்டு லட்சம்.
சிரித்துவிட்டேன்.
பொக்லைன் வாரிப்போட்ட சேறு கரையில் காய்ந்து கிடந்தது.
ஐப்பசி மழைக்குப் பாதி மறுபடி ஆற்றில் இருக்கும்.
ஊருக்குத் தெரியும், காண்ட்ராக்டருக்கும் தெரியும்.
மண் திரும்பிவிடும்.

நடவு ஆட்கள் கால் கழுவ வந்தார்கள்,
வங்காளத்துக்காரர்கள், பன்னிரண்டு பேர்.
நித்தியானந்த மண்டல் போனை நீட்டி
ரீசார்ஜ் பண்ணித்தரச் சொன்னான்.
தேஷுக்குப் பேசணுமாம்.
தேசத்துக்கா என்றேன்.
அவன் பாஷையில் தேஷ் என்றால் சொந்த ஊர்.
அவ்வளவுதான், நாலு தெரு.
அந்த நாலு தெரு எங்கே இருக்கு?
ஈரக்கையைச் சரித்துக் காட்டினான்.
"நதி சாப்ட்டாச்சு. ரெண்டு வருஷம்."
அப்போ யார்கிட்ட பேசுவே?
"தேஷ்காரங்க கிட்ட. எல்லாரும் திருப்பூர்ல."

பிடுங்கி நட்டால்தானே நாற்று விளையும் என்று
ஒரு வரி பேனா முனைவரை வந்தது.
அவன் முதுகைப் பார்த்துவிட்டு அடித்தேன்.
நாற்று யாருக்கும் பணம் அனுப்புவதில்லை.

ராத்திரி பத்திரிகைக்காரர் போன் பண்ணினார்.
கவிதை கிடைச்சுது சார்,
தலைப்பு விட்டுப்போச்சே?

ஆமாம் என்றேன்,
விட்டுப்போச்சு.